முதலில் ஃபேனைக் கழற்றுங்கள்

சுவா சூ காங்வாசிகளுக்குப் போர் விமானச் சத்தம் புதிதல்ல. பக்கத்திலேயே தெங்கா விமானப்படைத் தளம். எஃப்-16 விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது தொலைபேசியில் இருப்பவர்கள், "ஒரு நிமிஷம், பிளேன் போகுது" என்று நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து புறணியைத் தொடர்வார்கள். அதனால்தான், எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே ஒரு வீவக வீட்டில் கம்ப்யூட்டர் இரைய ஆரம்பித்து வெகுநாளாகியும் யாரும் காதில் வாங்கவில்லை. "இந்நேரத்துல என்னடா பிளேனு?" என்று நடுநிசியில் எழுந்து உட்கார்ந்து கேட்ட அப்பத்தாதான் முதலில் துப்புத் துலக்கியவர். சத்தம் வானத்திலிருந்து வரவில்லை. பேரனின் மேசைக்கடியிலிருந்து வந்தது.

பேரன் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பவர். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிக் கோத்தவரும் அவரே. வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு, "எண்பத்தெட்டு டிகிரிப்பா" என்றார். அடுக்களையில் இருந்த அம்மாவின் காதில் ‘டிகிரி’ மட்டும் விழுந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பலதுறை மருந்தகத்துக்கு நேரம் குறிக்கக் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார். காய்ச்சல் பிராசசருக்குத்தான் என்று தெரிந்ததும், "ராத்திரி முழுக்க விளையாடினா எதுக்குத்தான் காய்ச்சல் வராது?" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தாளிக்கப் போனார். அந்தத் தாளிப்புக்கும் இந்த வழக்கில் பங்கு உண்டு. அது பின்னால்.

அப்பா, சிங்கப்பூரர் எவரும் முதலில் எடுக்கும் முடிவை எடுத்தார்: பிராசசருக்குக் காற்றடிக்கும் கூலரைப் புதுசாக வாங்கிவிடலாம்.

பிராசசருக்குத் தனியாகக் காற்றடிக்க வேண்டும் என்பதே பின்னாளில் வந்த வழக்கம்தான். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 சில்லு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தது. மேலே உலோகமும் இல்லை, விசிறியும் இல்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் சில்லுகள் 5 வோல்ட்டில் ஓடிக் கைசுடும் அளவுக்குக் கொதித்தன. தலைக்கு மேல் சின்ன ஃபேன் சுழல்வது அதற்குப்பின் சாதாரணமாயிற்று. 2004-ல் ‘பிரெஸ்காட்’ என்ற பென்டியம் 4 வகை நூறு வாட்டைத் தாண்டியது. 2023-ல் வெளிவந்த கோர் ஐ9-14900கே முழுமூச்சில் ஓடினால் 253 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே எழுதி வைத்திருக்கிறது. ஐந்து மேசை விசிறிகளை ஓட்டக்கூடிய மின்சாரம், கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கானில் போய் இறங்குகிறது. இறங்கியதெல்லாம் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் ஒரு படமாகவே எடுத்துக் காட்டியது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த கூலரைக் கையால் தூக்கி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு நத்தையாக ஊர்ந்தது, செத்துப்போகவில்லை. ஏஎம்டியின் ஆத்லன் சில வினாடிகளில் புகை விட்டு அடங்கியது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துப் பதறாத கம்ப்யூட்டர் பிரியர் இல்லை. இப்போதைய சில்லுகள் எல்லாமே உஷாராகிவிட்டன. எல்லையைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு என்றாலும் அதனால் ஒரு சங்கடம்: புகை வராததால் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரிவதில்லை. விளையாட்டு திக்கினால் இணையச் சேவையைத் திட்டுகிறோம்.

மேசைக்கடியில் இருந்தது ரைசன் 5 5600. ஏஎம்டி அதற்குக் குறித்திருக்கும் உச்ச வெப்பநிலை 90 டிகிரி. எண்பத்தெட்டு என்றால் வாசற்படி வரை வந்துவிட்டது என்று பொருள். அதோடு பெட்டியில் வந்த ‘ரெய்த் ஸ்டெல்த்’ கூலர் ஒரு குட்டையான அலுமினிய வட்டு, மேலே ஃபேன். 65 வாட் சில்லுக்குப் போதும் என்று கொடுக்கப்படுவது. போதும்தான். ஆனால் எந்த ஊரில் என்று கேட்க வேண்டும்.

கூலர் சூட்டைத் தின்று செரித்துவிடுவதில்லை. பிராசசரிடம் வாங்கி அறையில் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். ஆகவே எவ்வளவு பெரிய காற்றுக் கூலராக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க முடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூலர்களைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தொரு டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். அங்கே முழு வேலையில் 70 டிகிரி காட்டும் ஒரு கூலர், பிற்பகல் மூன்று மணிக்கு 31 டிகிரியில் வேகும் சுவா சூ காங் படுக்கையறையில் 80 காட்டும். கூலர் மேல் குற்றமில்லை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பதற்கு நாம் கட்டும் வரி அது. இந்தப் பத்து டிகிரியைக் கூட்டாமல் சோதனை முடிவுகளைப் படித்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று தூக்கத்தைத் தொலைக்கும் இளைஞர்கள் இத்தீவில் ஏராளம்.

"அப்போ ஏர்கான் போட்டுவிட வேண்டியதுதானே?" என்றார் அப்பா. தேசியத் தீர்வு. ஆயிரமாண்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று 1999-ல் கேட்டபோது, லீ குவான் இயூ ஏர்கானைத்தான் சொன்னார். வெப்பமண்டலத்தில் மனிதர்கள் பகலிலும் மூளையை ஓட்ட முடிந்தது அதனால்தான் என்பது அவருடைய வாதம். சில்லுக்கும் அது பொருந்தும். ஆனால் கணக்குப் பாருங்கள்: கம்ப்யூட்டர் 300 வாட் இழுத்தால் அந்த 300 வாட்டும் அறைக்குள் சூடாகக் கொட்டுகிறது, அதை அள்ளி வெளியே வீச ஏர்கான் இன்னும் கொஞ்சம் மின்சாரம் தின்கிறது. ஒரே சூட்டுக்கு இரண்டு முறை கட்டணம். மாதக் கடைசியில் ரசீதைக் கையில் வாங்குகிறவர் அப்பாதான் என்பதால் யோசனையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நாடளவிலும் இதே தலைவலிதான். தரவு நிலையங்கள் குடிக்கும் மின்சாரத்தைப் பார்த்து மலைத்துப்போன சிங்கப்பூர், 2019-லிருந்து சில ஆண்டுகள் புதிய நிலையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்திருந்தது. 2023 ஜூனில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென்று ஒரு தரநிலையையே வெளியிட்டது. கம்ப்யூட்டர் கூடங்களை உறைய வைக்க வேண்டாம், 26 டிகிரிக்கும் மேலே படிப்படியாக உயர்த்தலாம், ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்றது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் 26 டிகிரியில் பிழைத்துக்கொள்ளும் என்றால், ஒரு ரைசன் 31-லும் பிழைத்துக்கொள்ளும். அதற்குக் காற்று மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும்.

சனிக்கிழமை தந்தையும் மகனும் சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பினார்கள். சுவா சூ காங்கிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கு எல்ஆர்டி. 1999-ல் ஓடத் தொடங்கிய அது சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி பாதை. அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா, அதற்கடுத்த நிலையம் ரோச்சோர். லிட்டில் இந்தியாவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். கீரை, கறிவேப்பிலை, தேங்காய், நெத்திலி என்று தேக்கா சந்தைப் பட்டியல் ஒன்று அப்பாவின் சட்டைப்பைக்குள் போயிற்று. கூலர் வாங்கப் போன சிங்கப்பூர்த் தமிழர் எவரும் கூலரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதில்லை.

1987-ல் எழுந்த சிம் லிம் ஸ்குவேரின் மாடிகளில் ஏற ஏற, ஒரு காலத்தில் கை நிறைய விலைப்பட்டியல் தாள் சேரும். கடைக்குக் கடை வாங்கி, தரையில் விரித்து வைத்து, ஒரு வெள்ளி வித்தியாசத்துக்காக நாலு மாடி ஏறி இறங்கியவர்கள் இன்று தாத்தாக்களாகி, இணையத்தில் ஒரு வெள்ளி வித்தியாசத்துக்காக நாலு தளங்களை மேய்கிறார்கள். அப்பா அந்தப் பழைய மரபில் வந்தவர். கடைக்குள் நுழைந்ததுமே, "இருக்கிறதிலேயே பெரியது எது?" என்றார்.

பெரியதற்குப் பஞ்சமில்லை. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த என்எச்-டி15 இரண்டு கோபுரமாக நிற்கும். ஃபேன்களோடு 1,320 கிராம், உயரம் 165 மில்லிமீட்டர். ஃபேன் காப்பிப் பழுப்பு, சட்டம் வெளிர்ச் சந்தனம். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் பாகத்துக்கும் யாரும் துணிந்து பூசாத இந்த நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காகப் பின்னர் கறுப்பிலும் விட்டார்கள். சத்தமில்லாமல் வேலை பார்ப்பதில் அதற்குப் பெரிய பெயர்; விலையும் பெரிது. தைவானின் தெர்மல்ரைட் ‘பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ’ என்று பெயரைக் கேட்டாலே பயப்படும்படி ஒன்று விற்கிறது. இதற்கும் இரட்டைக் கோபுரம், ஆறு செப்புக் குழாய், 155 மில்லிமீட்டர் உயரம். நோக்டுவா விலையில் பாதிகூட இல்லை. பெரிய அண்ணனுக்கு ஒருசில டிகிரிதான் பின்தங்கும். நடுத்தரப் பிராசசர் வைத்திருப்பவர் அந்த ஒருசில டிகிரிக்காக இரட்டிப்புப் பணம் கொடுப்பது ஆடம்பரம் என்பதே நம் கட்சி. இந்த இரண்டுக்கும் முன்னோடியாக, பல ஆண்டு மாணவர்களின் மேசைகளைக் காத்த குலதெய்வம் கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212.

இவற்றின் உயிர்நாடி அந்தச் செப்புக் குழாய்கள். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கி, ஹீட் பைப் என்று பெயரிட்ட சங்கதி, விண்கலங்களில் வேலை பார்த்துவிட்டு நம் மேசைக்கடியில் வந்து இறங்கியிருக்கிறது. மூடிய குழாய், உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுத் துளியூண்டு தண்ணீர். இட்லிப் பானையில் அடித்தண்ணீர் ஆவியாகி மேலே போய் மூடியில் பட்டு நீராகித் திரும்பச் சொட்டுகிறதே, அதேதான். பிராசசர் பக்கம் அடுப்பு, அலுமினியத் தகடுகளின் பக்கம் மூடி. காற்றழுத்தம் குறைவு என்பதால் நூறு டிகிரி வரை காத்திராமல் தண்ணீர் முன்னதாகவே ஆவியாகிவிடும். குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு நீரை உறிஞ்சித் திரும்ப இழுப்பதால் பெட்டியைப் படுக்க வைத்தாலும் வேலை நிற்காது.

கடைக்காரர் சீனர், நாற்பது வயதிருக்கும். பெரியதைக் கேட்டவரிடம் அவர் பெரியதை எடுத்து நீட்டவில்லை. என்ன சாக்கெட், கேஸின் அகலம் எவ்வளவு, ரேம் எத்தனை உயரம் என்று மூன்றே கேள்வி. கேஸ் 160 மில்லிமீட்டருக்குத்தான் இடம் கொடுக்கும் என்றால் 165 மில்லிமீட்டர் கூலரை வாங்கிப்போய்ப் பக்கவாட்டுக் கதவைச் சாத்தவே முடியாது. கூலரின் முன்ஃபேன் பளபள விளக்கு வைத்த நெட்டை ரேமில் இடிக்கும். மகனிடம் மூன்றுக்கும் விடை இருந்தது. நான்காவதாக ஒன்று கேட்டார்: "கடைசியா எப்ப அங்கிள் சுத்தம் பண்ணீங்க?"

தந்தை மகனைப் பார்த்தார். மகன் விலைப்பட்டியலைப் பார்த்தார்.

தண்ணீரில் குளிரூட்டும் வகையைப் பற்றி அப்பா ஒரு கேள்வி கேட்டு வைத்தார். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர்கிறதா என்று தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு தேடி வந்து பூந்தொட்டித் தட்டை எட்டிப்பார்க்கும் ஊரில், கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் வைக்கலாமா என்ற கவலை நியாயமானதே. அது மூடி முத்திரையிட்ட நீர், கொசுவுக்கு வழியில்லை. ஆனால் பம்பு என்று ஒன்று ஓடுகிறது, அது ஒருநாள் நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். காற்றுக் கூலரில் கெட்டுப்போவதற்கு ஃபேன் ஒன்றுதான்; சொற்ப வெள்ளியில் வேறு மாட்டிக்கொள்ளலாம். உலோகம் அப்படியே கிடக்கும், அடுத்த பிராசசருக்கும் ஆகும்.

கடைசியில் அவர்கள் வாங்கியது, சில்லுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு குழலும் கையால் அமுக்கும் ரப்பர் ஊதியும். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தேக்காவில் நெத்திலியைக் கால் கிலோ கூடுதலாக வாங்கி ஈடுகட்டிக்கொண்டார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது முதல் பார்வைக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏமாற்றுவதே அங்கேதான். தூசி ஃபேனின் முகத்தில் உட்காராது. ஃபேனுக்குப் பின்னால், தகடுகளின் வாயில் உட்காரும். தகடுக்கும் தகடுக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் போலத்தான். ஃபேன் காற்றை அங்கே திணிக்கத் திணிக்க, தூசி அந்த வாயை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இறக்கைகள் மறைத்துவிடும். ஃபேனைக் கழற்றியபோது கீழே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். மகன் ஓரத்தை விரலால் பிடித்து இழுக்க, ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதுவரை அந்த ஃபேன் ஒரு சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுத் தூசியை ஆராய்ந்தால் ஒரு பண்பாட்டு வரலாறே எழுதலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை. பூசையறைக் கற்பூரக் கரி, விபூதித் தூள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் புளோக்கின் கீழே தகரத் தொட்டிகளில் அண்டை வீட்டார் முன்னோருக்கு எரிக்கும் காகிதங்களின் சாம்பல், மத வேற்றுமை பாராட்டாமல் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை 401 வரை ஏற்றிய புகைமூட்டம் போல இன்னொன்று வந்தால் அதுவும் சேரும். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்ப்பது சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டதால், இதுநாள் வரை தலைமறைவாகத் திரிந்த பூனை முடியும் இப்போது உரிமத்தோடு கூலருக்குள் நுழைகிறது. இத்தனையையும் ஒட்டவைக்கும் பசை எது? அம்மாவின் தாளிப்பு. கடுகும் எண்ணெயும் வெடித்துக் கிளம்பும் ஆவி தகடுகளில் மெல்லிய பிசுக்காகப் படிந்துவிட்டால், ஊதினால் போகிற தூசி ஊதினாலும் போகாத தூசியாகிவிடும். இதை அம்மாவிடம் சொல்ல இருவருக்குமே தைரியம் வரவில்லை.

சுத்தம் செய்வதில் சூட்சுமம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கண்ணீர் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது ஓட வேண்டிய வேகத்தைத் தாண்டிச் சுழன்று தாங்கியைக் கெடுத்துக்கொள்ளும், போதாக்குறைக்கு மோட்டாரே டைனமோவாகி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளப் பார்க்கும். பிளாஸ்டிக் குழாய் வைத்த வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம். அது நிலைமின்சாரத்தை வளர்க்கும். தாழ்வாரத்தில் வைத்து ஊதுவதென்றால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணி உலர்த்தியிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஊதுங்கள்.

பிசுக்கு ஏறிய கூலரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இங்கே ரைசன்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் சில்லின் அடியில் இருக்கும். காய்ந்த பேஸ்ட் கூலரோடு சில்லையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் வெடுக்கென்று மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளைந்தால் அன்றைய ராத்திரி சிவராத்திரி. முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு பேஸ்டை இளக்கி, அணைத்து, திருகாணிகளை அவிழ்த்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டபின் தூக்க வேண்டும். 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டுக்குப் போய்விட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபேனைத் தனியாக எடுத்துவிட்டு, வெறும் உலோகத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். துரு ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அலுமினியமும் செம்பும் ஒரு குளியலுக்கு அஞ்சுகிற சாதி அல்ல. ஆனால் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் தகடுகளுக்கிடையே நிற்கும் நீர் லேசில் காயாது. நன்றாக உதறி, விசிறிக் காற்றில் ஒரு பகல் வைக்க வேண்டும். அப்பத்தா வெள்ளந்தியாக, "கம்புல மாட்டிக் காயப்போடேன்" என்றார். ஜன்னலுக்கு வெளியே நீளும் துணிக்கம்பில் உலோகத்தைத் தொங்கவிட்டு, அது பத்து மாடி இறங்கி யார் தலையிலாவது விழுந்தால், குளிர வேண்டியது பிராசசர் மட்டுமாக இருக்காது. காவல்துறையையும் குளிர்விக்க வேண்டியிருக்கும்.

பழைய பேஸ்டை மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எப்படிப் போடுவது என்பதில் உலகம் பிரிந்து கிடக்கிறது. நடுவில் பொட்டு வைப்பவர்கள் ஒரு கட்சி, குறுக்கே பட்டை இடுபவர்கள் இன்னொரு கட்சி, நாமம் போடுகிறவர்களும் உண்டு. கூலரை வைத்து இறுக்கியதும் சைவமும் வைணவமும் ஒரே மாதிரிப் பரவிவிடும்; சோதித்துப் பார்த்தவர்கள் கண்ட வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குள்தான். பட்டாணி அளவு போதும். புதுக் கூலர் வாங்குகிறவர்கள் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். "பயன்படுத்துமுன் அகற்றவும்" என்று அதிலேயே அச்சடித்திருந்தும், உரிக்காமல் மாட்டிவிட்டு கூலரைத் திட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஃபேனைத் திருப்பி மாட்டும்போது திசை கவனியுங்கள்: குறுக்குச் சட்டம் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியே போகும்.

சுவா சூ காங் பெட்டி மறுநாள் இரவு அதே விளையாட்டில் எழுபதுகளின் நடுவில் நின்றது. ஓசையும் அடங்கியது, அடுத்த நாள் காலை அப்பத்தா, "பிளேன்காரனுக்கு லீவா?" என்றார். இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் பையாஸில் பிராசசரின் மின்சார வரம்பைச் சற்றே இறக்கிவைக்கலாம். வேகத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது, செலவு ஒரு காசும் இல்லை. அதன் பிறகும் சூடு அடங்கவில்லை என்றால், அல்லது நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசசர் வைத்திருந்தால், தாராளமாக இரட்டைக் கோபுரம் வாங்குங்கள்; கேஸை அளந்துவிட்டு.

எப்போது சுத்தம் செய்வது என்று கேட்பவர்களுக்கு: சீனர்களின் ஏழாம் மாதம் முடிந்து, தீபாவளிக்கு வீட்டில் ஒட்டடை அடிக்கிற நாட்கள்தான் தோதானவை. சாம்பல் வரத்து ஓய்ந்திருக்கும், வீட்டில் எப்படியும் எல்லோர் கையிலும் துடைப்பமும் துணியும் இருக்கும். அலமாரிமேல் ஏறி இறங்கியபின் மேசைக்கடியிலும் ஒருமுறை குனியுங்கள். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை குனியுங்கள்.